குள்ளர் வீட்டில் மதியத் தூக்கம்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வேலிக்கு வெளியே, பொட்டலில், ஒரு குள்ளர் வீடு இருக்கிறது. மூன்று பலகைக் கல்லை நட்டு மேலே ஒரு கல்லால் மூடியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம். சுற்றிலும் வேறு நிழல் கிடையாது. மதியம் சாப்பிட்டதும் அதற்குள் போய்ப் படுத்துவிடுவேன்.

போன சீசனில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சோதனைக்கு வந்த அதிகாரி, அந்தக் கல்லில் வெள்ளியாய் மின்னிய கைத்தடத்தைப் பார்த்துவிட்டார். புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பது என் வேலை. கையில் ஒட்டிய அலுமினியப் பொடிதான் அது.

"ரூமுக்கு வெளியே வச்சுப் பட்டாசு செய்றீங்களா? கம்பெனிக்கு சீல் வைக்கணும்" என்றார். தீபாவளி ஆர்டர் பாதியில் கிடந்தது.

"தூங்கத்தான் போவேன் சார்" என்றேன்.

"சமாதிக்குள்ள யாராவது தூங்குவாங்களாம்மா?"

"உள்ள இருக்கவுக எந்திரிச்சா வரப் போறாக? நீங்களே படுத்துப் பாருங்க."

கூட நின்ற போர்மேன் என்னை முறைத்தான். அதிகாரி தவழ்ந்து உள்ளே போனார். பொடி கிடக்கிறதா என்று தரையைத் தடவினார். அப்புறம் காலை நீட்டினார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"எக்கா, என்னத்த எழுதுதாருன்னு எட்டிப் பாருங்க" என்று போர்மேன் கிசுகிசுத்தான்.

"எழுதலலே. குறட்டை விடுதாரு."

எழுந்து வந்தவர் சீல் பேச்சையே எடுக்கவில்லை. "கையைக் கழுவிட்டுப் படும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் உள்ளே போகக் குனிந்தேன். அதற்குள் வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்.