உப்புப் போடாத வெஞ்சனம்

சொர்ணாம்பாள் மதினி முப்பத்தோரு வருஷம் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் நோட்டைத் தூக்கி எறிவாள். அடுப்படியில் மட்டும் எதையும் அளந்தது கிடையாது. எல்லாம் கைப்பாகம்தான். ருசி பார்ப்பதும் கிடையாது. பூசையறைப் பிள்ளையாருக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்காத சைவ வீடு அது. பார்க்காமலே உப்பு சரியாக நிற்கும். அடுத்த வீட்டுக்காரியான நான் இருபது வருஷமாகப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

போன மாசியில் அவள் வீட்டுக்காரர் மகேஸ்வரன் அண்ணாச்சிக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. உப்பை அறவே குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், உப்பில்லாத குழம்பைக் கண்டால் சின்னப் பிள்ளை போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரே மாசத்தில் சட்டை தொளதொளத்துப் போயிற்று.

ஒரே மகள் விஜயஸ்ரீ ஜப்பானில் ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போனில் வழி சொன்னாள். “அம்மா, இங்க கீரைக்கு உப்பே போடமாட்டாங்க. எள்ளும் சோயா சாஸும்தான். சாஸ் ரெண்டு சொட்டு போதும்.” ஊருக்கு வந்த சிநேகிதியிடம் ஒரு குப்பியும் கொடுத்தனுப்பினாள். குப்பி முழுக்க ஜப்பான் எழுத்து. “மீன் கீன் கலக்கலியேட்டி?” என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் மதினி அதை அடுப்படிக்குள் விட்டாள்.

முக்கூடல் கீரைக்கட்டு வாசலுக்கு வரும். நறுக்காமல் முழுசாகக் கொதிநீரில் முக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு, இறுக்கிப் பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டுவாள். இட்லிப் பொடிக்கு வறுக்கிற மாதிரி எள்ளை வறுத்து, ஒன்றிரண்டாக நுணுக்கிப் பிசறுவாள். கொஞ்சம் சீனி. அப்புறம் அந்தக் குப்பி. தாளிதம் இல்லை, தேங்காய் இல்லை. “இது வெஞ்சனமா, பத்தியமா மதினி?” என்று கேலி செய்தேன்.

ரெண்டு சொட்டில் கீரையின் நிறம்கூட மாறவில்லை. மதினியின் கைக்கு அது பொறுக்குமா? சாய்த்து ஊற்றினாள். ஒரு கட்டு பிழிந்தால் ஒரு கையளவுதான், அண்ணாச்சியே வழித்துவிடுவார். மூன்று வாரம், ரெண்டு நேரமும் அதுதான். உப்புச் சாடி மூடினபடியே இருந்தது. மதினிக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணாச்சிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நாக்கு அவருடையதுதானே. தெரிந்தேதான் சாப்பிட்டார் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

கால் வீங்கியது. மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டார்லின் சாப்பாட்டு விவரம் கேட்டபோது, “உப்பு ஒரு கல்லுகூட இல்லம்மா, சோயா சாஸ்தான்” என்றாள் மதினி. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். “அதுல உப்புதான ஜாஸ்தி அம்மா.”

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த மதினி, என் கண்முன்னாலேயே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஏளா, கடல்தண்ணியால்லா இருக்கு.” மறுநாள் காலையில் அண்ணாச்சி போய்விட்டார். பிள்ளைக்கு இது தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

விஜயஸ்ரீ வந்து சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “கடைசி மூணு வாரம் அப்பா நான் சொன்ன கீரையைத்தான் சாப்பிட்டாங்க. நீ பக்கத்துல இருந்து பரிமாறுத மாதிரி இருக்கும்மான்னு போன்ல சொன்னாங்க.” அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். மதினி எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

பதினாறாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைக்க வேண்டும். விஜயஸ்ரீ தானே கீரை பிழிந்துகொண்டிருந்தாள். மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் தம்பி அம்மையப்பன் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். குப்பியை எடுத்துத் திருப்பினார்.

“இதையா அண்ணன் தெனமும் சாப்பிட்டாவ? எவ்வளவு ஊத்துனிய மதினி? இதுல…”

“உங்க அண்ணன் அதைத் தொடவே இல்ல” என்றாள் மதினி.

விஜயஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா சொல்லுத?”

“வாடை ஆகலன்னுட்டாவ. செஞ்சு செஞ்சு கொல்லையிலதான் கொட்டுனேன்.”

“என்கிட்ட போன்ல சொன்னாங்களே.”

“உன் மனசு நோவக்கூடாதுன்னு சொல்லியிருப்பாவ.”

அம்மையப்பன் குப்பியை வைத்துவிட்டு வெளியே போனார். பொய் சொல்லியே பழக்கமில்லாதவள், ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. விஜயஸ்ரீயின் கையிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு நாள்கூடச் சாப்பிடலையாம்மா?”

மதினி மகளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“ஒரு வாய்கூட இல்ல.”