ஐந்து நட்சத்திரம் வாங்கிய வீடு

பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். கூடவே பிஎச்.டி.யும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் தலைமை என்று எதுவும் இல்லாமல், ஆளுக்கு ஆள் நேரடியாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் வலையமைப்பில் சேவையின் தரத்தை எப்படி அளப்பது, எப்படி உறுதிசெய்வது என்பது தலைப்பு. அளப்பது எனக்கு வந்தது. உறுதிசெய்வது கடைசி வரை வரவில்லை. அது யாருக்காவது வரும் என்ற நம்பிக்கையும் இப்போது எனக்கில்லை.

என் அக்காவை ஆலத்தியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே இன்டர்நெட் கேபிள் மெயின்ரோட்டு உரக்கடையோடு நின்றுவிட்டது. அக்கா வீடு இருக்கும் கடைசித் தெருவுக்கு செல்போன் சிக்னலும் எட்டாது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அத்தான் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவரை விட்டுவிட்டு அக்கா வேலைக்குப் போக முடியாது. அவள் எம்.எஸ்சி. கணக்கு படித்தவள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் வேலை கிடைத்தபோது, கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சம்பாதிக்க ஒரு வழி வந்ததே என்று அழுதாள்.

அதற்காகத்தான் நானும் என் மாணவர்களும் உரக்கடையிலிருந்து அக்கா வீடு வரை வீட்டுக்கொரு வைஃபை பெட்டி வைத்தோம். ஒவ்வொரு பெட்டியும் முந்தின வீட்டிலிருந்து வாங்கும், தன் வீட்டுக்குக் கொடுக்கும், அடுத்த வீட்டுக்கும் தள்ளிவிடும். யாருக்கும் யாரும் முதலாளி இல்லை. என் ஆராய்ச்சிக்கும் அது தோதாக இருந்தது. அக்கா வேலையும் பிழைக்கும், என் பட்டமும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் வாரத்திலேயே மதியம் ஆனால் அக்கா வீட்டில் இணைப்பு அறுந்தது. அவளுடைய வகுப்புகள் எல்லாம் மதியம்தான். வகுப்பு அறுந்தால் கம்பெனி அவள் பெயரில் ஒரு குறை ஏற்றும். குறைகள் சேர்ந்தால் வேலை போய்விடும். எங்கே அறுகிறது என்று பார்க்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. தெரு திரும்பும் மூலையில் இருக்கும் மாடி வீடு. அந்த ஒரு பெட்டி நின்றால் அதற்கு அப்பால் இருக்கிற வீடுகள் அம்போ.

என் கைடு சாருக்கு மெஷின் கணக்கு மட்டும் போதவில்லை, பயன்படுத்துகிறவர்களின் மதிப்பெண்ணும் வேண்டும் என்றார். ஒவ்வொரு வீடும் மற்ற வீடுகளுக்கு நட்சத்திரம் போட வேண்டும். போட்டார்கள். மாடி வீட்டுக்கு எல்லோரும் ஐந்துக்கு ஐந்து. அக்காவும் ஐந்து.

"ஏன்க்கா, அந்த வூட்டாலதான உனக்கு கட்டாவுது?"

"மாமா நல்லவருடீ."

"நான் ஆளக் கேக்கலக்கா. பெட்டியக் கேக்குறேன்."

"ரெண்டும் ஒரே வூட்லதான இருக்கு?"

மாமா என்று நாங்கள் சொல்வது அந்த மாடி வீட்டுக்காரரை. அத்தானுக்குச் சித்தப்பா முறை. அத்தான் விழுந்த அன்று தன் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு ஒரு நட்சத்திரம் குறைக்க அந்தத் தெருவில் யாருக்குக் கை வரும்? நேரில் போய்க் கேட்டேன்.

"சாப்ட்டுட்டு நானும் அத்தையும் சோளக்காட்டுக்குப் போவோம் பாப்பா. வூட்டப் பூட்டுனா மெயின எறக்கிருவேன். பூட்டுன வூட்ல கரண்டு ஓடலாமா?"

கூடத்தில் பருத்தி கூரைவரை குவிந்திருந்தது. எங்கோ கரண்ட் கசிந்து, பருத்தியோடு ஒரு வீடே எரிந்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவராம். மெயினை இறக்கினாலும் பெட்டி ஓட ஒரு பேட்டரி வாங்கி வைத்தேன். "அதுலயும் லைட்டு எரியுதே பாப்பா" என்று அதையும் அணைத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேட்டரியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அக்காவோ, "அவரு சொல்றது சரிதானடீ" என்றாள்.

பிறகு கைடு சார் புத்தகத்தில் இருக்கிற வைத்தியத்தைச் சொன்னார். அதிகம் கொடுக்கிற பெட்டிக்கு அதிக வேகம், குறைவாகக் கொடுக்கிற பெட்டிக்குக் குறைந்த வேகம். உலகத்தில் இது வேலை செய்கிறதாம். செய்தேன். மாமாவின் போனில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. "நெட்டு சரியில்ல, எதுக்குச் சும்மா எரியணும்" என்று பெட்டியை ஒரேயடியாகக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அந்த வைத்தியத்தை எடுத்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி மறுபடி மாட்டவைத்தேன். அதற்குள் அக்கா பெயரில் குறைகள் ஏறியிருந்தன.

அவளுடைய கடைசி வகுப்பின்போது நான் பக்கத்தில் இருந்தேன். பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று காட்டும் என் போனில் மாடி வீட்டின் பச்சைப்புள்ளி மறைந்தது. அவளுடைய திரையில் அந்தச் சின்னப் பெண் பென்சிலைக் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். யோசிக்கிறாள் என்று நினைத்து அக்கா பொறுமையாக வேறொரு விதத்தில் ஆரம்பத்திலிருந்து விளக்கினாள். அவ்வளவு அழகாக யாரும் எனக்குப் பின்னம் சொல்லித் தந்ததில்லை. அவளை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிலில் இருந்த அத்தான்தான் கையை ஆட்டி, போய்விட்டது என்று காட்டினார். அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. நான் மாமாவைத் திட்டினேன், கைடு சாரைத் திட்டினேன், பருத்தியைத் திட்டினேன். அக்கா யாரையும் திட்டவில்லை.

இப்போது அவள் காலை பஸ்ஸில் பெரம்பலூருக்கு வந்து ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாள். கால் வீங்கிப் போகிறது. அத்தான் வீட்டில் தனியாகக் கிடக்கிறார்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு கைடு சார், "மதிய நேரம் மோசமா இருந்துச்சே, இப்ப ஒரு தடை கூட இல்லையே! என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். ஒன்றும் பண்ணவில்லை சார் என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். யாராவது கேட்டு, கிடைக்காமல் போனால்தான் தடை என்று பதிவாகும். மாடி வீட்டுக்கு அப்பால் மதியத்தில் கேட்டது அக்கா மட்டும்தான்; இப்போது கடைசி வீட்டிலிருந்து யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த நேரத்தில் மாடி வீட்டில் மெயின் இறங்கியிருக்கும், கதவு பூட்டியிருக்கும். மாமா காட்டுக்குப் போகிற வழியில் அக்கா வீட்டில் உட்கார்ந்து, அத்தானுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பார்.