என் எதிரிக்கு நான் போட்ட தீனி

புதுச்சேரியில் தொடர்ந்து மூன்று வருடம் பெண்கள் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் நான்தான். சொல்லும்போது கெத்தாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால், அந்த மூன்று வருடமும் இங்கே நான் ஒருத்தியையும் குத்தவில்லை. எண்பத்தொரு கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் பெயர் கொடுத்தது நான் ஒருத்திதான். க்ளவுஸ் மாட்டி மேடை ஏறுவேன், எதிர் மூலை காலியாக இருக்கும், நடுவர் என் கையைத் தூக்குவார், இறங்கிவிடுவேன். தேசியப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே அடி வாங்கித் திரும்புவேன்.

வில்லியனூரில் எங்கள் மளிகைக்கடைக்கு வருகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "இன்னாமா சாம்பியன், இந்த வருஷமும் காத்தத்தான் அடிச்சியா?" என்பார்கள். கல்லாவிலிருந்து அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரிசி மூட்டையை வேண்டுமென்றே தொப்பென்று போடுவேன்.

போன வருடம் பாகூர் சந்தையில் ஒருத்தியைப் பார்த்தேன். பனித்திட்டு என்ற கடலோர ஊர்க்காரி, மீன் விற்க வந்தவள், என்னைவிடச் சின்னவள். இரண்டு பேர் தூக்குகிற ஐஸ் பெட்டியை ஆட்டோவிலிருந்து தனியாக இறக்கினாள். நேராகப் போய், "உன் வெயிட் எவ்ளோ?" என்று கேட்டுவிட்டேன்.

"மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று முறைத்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். "யாரக் குத்தணும்?" என்றாள். "என்னத்தான்" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் சிரித்தாள்.

கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினால் எழுபத்தெட்டு. விடுவேனா? வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பாசிப்பயறு என்று வாரத்துக்கு ஒரு பை கட்டிக் கொடுத்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்ன அடிக்க ஒருத்திய நீயே தீனி போட்டு வளக்கற. அவ ஜெயிச்சிட்டா அவதான் தேசியப் போட்டிக்குப் போவா. நீ வூட்ல குந்திக்கினு இருக்கணும், தெரியுமில்ல?"

தெரியும். பயமாகவும் இருந்தது. ஆனால் காலி மூலையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை கையைத் தூக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பத்து மாதம் ஒரே கூடத்தில் பயிற்சி எடுத்தோம். போட்டிக்கு எடை பார்த்த அன்று அவள் எண்பத்திரண்டைத் தொட்டாள். மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் சுற்று எனக்கு. இரண்டாவதில் அவளுடைய இடது கை என் மூக்கை உடைத்தது. மூன்றாவதில் இருவருக்கும் மூச்சு வாங்கியது, இருவரும் விடவில்லை. நடுவர் அவள் கையைத் தூக்கினார். நான் அங்கேயே நின்று அழுதேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அத்தனை ஆசைப்பட்டிருந்தேன்.

என் மூன்று தங்கமும் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கின்றன. அன்று தோற்று வாங்கிய வெள்ளியை மட்டும் அப்பா கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். யாராவது வாயைத் திறப்பதற்குள் அவரே, "இது அடிச்சி வாங்கனது" என்று சொல்லிவிடுகிறார்.

தேசியப் போட்டிக்குப் போய்விட்டு அவள் கடைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அங்கே அவளுக்கும் முதல் சுற்றிலேயே நல்ல அடி. கடலைப் பையை வாங்கிக்கொண்டும் கிளம்பாமல் நின்றாள்.

"அக்கா, அடுத்த வருஷமும் நீ பேர் குடுப்ப இல்ல? என்னத் தனியா மேல ஏத்தி வுட்றாத."

"காலையில ஏழு கிலோமீட்டர் ஓடிட்டு வந்து நிக்கறன். பாத்தா தெரியலையாடி?" என்றேன்.