வெள்ளை நூல் வெள்ளையாகவே வந்தால்

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் அரக்குச் சாயக் கொப்பரைக்கு மேலே இருந்தன. கழியில் தொங்கிய பட்டு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போனை என் மனைவி மல்லிகாதான் என் காதில் வைத்துப் பிடித்தாள். "அண்ணே, மேடம் போயிட்டாங்கண்ணே. காலைல நல்லாத்தான் பேசிகினு இருந்தாங்க" என்று அந்தப் பக்கம் கலாவதி அழுதாள். கலாவதி, டாக்டர் சுனந்தாவின் பரிசோதனைக்கூட உதவியாளர். சாயம் ஏறும் நேரத்தில் புரட்டுவதை நிறுத்தினால் நூல் திட்டுத்திட்டாகிவிடும். நான் நிறுத்திவிட்டேன். கொப்பரை முழுக்கக் கெட்டது. கெடட்டும் என்று இருந்தது.

கோயில் தெரு மக்களே, ஆடி விழா மலரில் அவரைப் பற்றி எழுதும்படி குழுவினர் என்னிடம் சொன்னார்கள். சாயப்பட்டறைக்காரன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை. அந்த அம்மாவை நினைத்தாலே உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சோதனைக் குழாயைப் பார்த்துவிட்டு எழுந்து குதிக்கிறவரை நீங்கள் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

தெள்ளார் பக்கத்து சமணக் குடும்பம். பெரிய நகரங்களில் உணவு ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை பார்த்துவிட்டு, நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் இரண்டு அறை கொண்ட பரிசோதனைக்கூடம் நடத்த வந்தார். சாப்பாட்டில் சேரக்கூடாதது எது சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. "எங்க வீட்ல தண்ணிய துணியில வடிகட்டிதான் குடிப்போம். அதையேதான் இங்கயும் பண்ணிகினு இருக்கேன், துணி மட்டும் கொஞ்சம் பெருசு" என்பார். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் எந்தச் சோதனையும் சூரியன் இருக்கும்போதே முடிய வேண்டும். "ஜல்தி, ஜல்தி! எனக்குப் பசிக்குது" என்று கலாவதியை விரட்டும் சத்தம் வாசல் வரை கேட்கும்.

நம் விழாக் குழுத் தலைவர் ஏகாம்பரத்தை அவர் முதலில் மடக்கியது டீக்கடையில். தலைவர் வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். மேடம் பக்கத்தில் வந்து, சுருங்கிக் கறுத்த பருப்பு ஒன்றை அவர் கையிலிருந்தே எடுத்துவிட்டார். "அதான் வறுத்தாச்சேம்மா, இன்னும் என்னா?" என்றார் தலைவர். "வறுத்தா பூஞ்சை செத்துடும்ங்க. அது வெச்சிட்டுப் போன விஷம் சாகாது. கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா?" தலைவர் மிச்சக் கடலையைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், அப்படியே மடித்து டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அவர் கடலையைப் பொறுக்கிப் பார்த்துத்தான் தின்கிறார், வேண்டுமானால் கவனியுங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் பாதி உங்களுக்குத் தெரியும். மறுபாதி எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

ஆடி வெள்ளிக்குக் கூழ் காய்ச்சிப் புளிக்க வைக்க, என் அப்பா காலத்திலிருந்து எங்கள் பட்டறையின் ஆறு நீல டிரம்கள்தான் கோயிலுக்குப் போகும். வருஷம் முழுவதும் சாயத் தண்ணீர் பிடிக்கிற டிரம்கள்தான். ஆடி பிறந்ததும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். தண்ணீர் தெளிவாக வந்தால் டிரம் சுத்தம், இது அப்பா வகுத்த விதி. அம்மனுக்கு எங்கள் குடும்பத்தின் காணிக்கை அது. நம்ம டிரம்மில் புளித்த கூழ் ராசியானது என்று மல்லிகா முதல் ஆளாகச் சொம்போடு நிற்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆடி மூன்றாம் வெள்ளி முடிந்த மறுநாள், மேடம் என் பட்டறைக்கு வந்தார். கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு விரல் நீளத்துக்குப் பட்டு நூல், இளஞ்சிவப்பாக.

"சேகர், நீங்க சாயக்காரர். இது என்னா கலர்னு சொல்லுங்களேன்" என்றார். சொல்லும்போதே கண் மின்னியது. "உணவுல சாயம் கலந்திருக்கான்னு பாக்க, அதுல கொஞ்சம் புளிப்பு சேத்து வெள்ளை நூலைப் போட்டு கொதிக்க வெப்போம். இயற்கை நிறம்னா கழுவுனா போயிடும். சாயம்னா நூலைப் புடிச்சுக்கும், போகாது. புத்தகத்துல கம்பளி நூல்னு போட்டிருக்கான். ஆரணியில கம்பளிக்கு எங்க போறது? பட்டு போட்டேன். என்னா ஜோரா புடிச்சிருக்கு பாருங்க!"

"எதுல இருந்து மேடம்?" என்றேன்.

"கோயில் கூழு."

குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். என் கைக்கு அது உடனே தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரியாதா? முகூர்த்தப் புடவைக்கென்று நானே கலக்கும் அரக்கு அது, பத்தில் ஒரு பங்காக வெளிறிப்போய். கேழ்வரகின் நிறம் மூடிவிட்டதால் யார் கண்ணுக்கும் படவில்லை. புளிப்பு இருந்தால்தான் சாயம் பட்டில் ஏறும் என்று தினமும் கொப்பரையில் அசிட்டிக் அமிலம் ஊற்றுகிறவன் நான். வெறும் தண்ணீருக்கு அசையாத சாயம் புளித்த கூழுக்கு அசையும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியவேண்டும்? கைக்குத் தெரிந்தது இத்தனை வருஷமாகப் புத்திக்கு எட்டவில்லை.

"தெரியல மேடம்" என்றேன்.

அவர் குப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, டிரம் யாருடையது என்று இவருக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

அடுத்த நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி கூழ். தெருவே குடிக்கும், பிள்ளைத்தாய்ச்சிகள் குடிப்பார்கள், கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுவார்கள். வாயைத் திறந்தால் அப்பா பெயர் போகும். திறக்காவிட்டால் என் சாயம் அத்தனை வயிற்றிலும் போகும். புதன்கிழமை காலையில் மல்லிகாவிடம் சொன்னேன். "அப்போ இன்னும் ஏன் நின்னுகினு இருக்கே? வண்டிய எடு" என்றாள். ஒரு டிரம்மை மினி வேனில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

"மேடம், அது என்னோட அரக்கு. டிரம்மும் என்னோடதுதான். அன்னிக்கு பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவர் டிரம்மைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். "வாங்க, சோதிச்சிடலாம்" என்றார், அவ்வளவுதான். புளித்த கஞ்சியை ஊற்றினோம். மதியம் வரை ஊறியதும் அதில் ஒரு கிண்ணம் எடுத்து, நான் கொண்டுபோன வெள்ளை நூலைப் போட்டுக் கொதிக்கவைத்தார். நூலை எடுத்துக் கழுவினார். கழுவக் கழுவ நிறம் நின்றது. "ஏறிடுச்சு! சேகர், ஏறிடுச்சு பாருங்க!" என்று குதித்தார், கலாவதியின் கையைப் பிடித்து ஆட்டினார். பிறகுதான் என் முகத்தைக் கவனித்தார் போலும். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க. புத்தி கெட்டவ, சந்தோஷப்பட்டுட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நான்கு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

வியாழக்கிழமை கோயில் வாசலில் நான் உண்மையைச் சொன்னதும் நடந்தது உங்களுக்கே தெரியும். "உங்கப்பா குடுத்த டிரம்முடா! என்னா பேசிகினு இருக்கே?" என்று தலைவர் எகிறினார். ஆறு டிரம்மின் அடியிலும் உங்கள் எதிரிலேயே நான் துளை போட்டேன், இனி எதையும் பிடிக்க முடியாதபடி. மேடம் ஓரமாக நின்றார். அண்டாக்கள் வாடகைக்கு வந்தபிறகுதான் என்னிடம் வந்தார். "காணிக்கை நின்னு போச்சேன்னு பேஜாராவாதீங்க. வருஷா வருஷம் ஆறு வெள்ளை நூல் குடுங்க. ஒவ்வொரு அண்டா கூழுலயும் ஒண்ணு போட்டு கொதிக்க வெச்சு பாப்போம். வெள்ளையா வந்தா ஊத்துங்க."

அப்படித்தான் நம் வழக்கம் ஆரம்பித்தது. கோயில் பக்கத்தில் சின்ன அடுப்பு, ஆறு கிண்ணம், ஆறு நூல். அலசிய நூலை மேடம் தூக்கிப் பிடித்து "வெள்ளை!" என்று கத்துவார், தெருவே திருப்பிக் கத்தும், பம்பை அடிப்பார்கள். இதில் எனக்குப் பெரிய வேடிக்கை என்னவென்றால், புளித்ததும் வெங்காயம் போட்டதும் அவருக்கு ஆகாது. அந்தக் கூழில் ஒரு சொட்டுகூட அவர் வாயில் பட்டதில்லை. பூச்சியைக் கொல்கிறார்களே என்று பட்டுப்புடவையும் கட்டமாட்டார். தான் குடிக்காத கூழைத் தான் உடுத்தாத நூலால் காவல் காத்தார். இதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், "அதனாலதான் நான் சொல்றத நம்பலாம்" என்பார்.

என்னிடம் நூலைக் காட்டியபோதே டிரம் யாருடையது என்று அவருக்குத் தெரியுமா? எத்தனையோ முறை கேட்டேன். சிரித்து மழுப்பிவிடுவார்.

போன வாரம் கலாவதி அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது என்று அந்தக் குப்பியை என்னிடம் கொண்டுவந்தாள். உள்ளே என் அரக்கு நூல், மூன்று வருஷமாகியும் மங்காமல். மேலே ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்து. தேதி, நான் பொய் சொன்ன அந்தச் சனிக்கிழமை. மாதிரி: கோயில் கூழ். மூலம்: சேகர் பட்டறை டிரம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "அவரே வருவார். வியாழன் வரை பார்க்கலாம்."

பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்த மாட்டேன் என்று மேலே எழுதியது பொய், அதையும் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் குப்பி ஒன்றுதான். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வருகிற வெள்ளிக்கிழமை நூலைத் தூக்கிப் பிடித்துக் கத்த அவர் இல்லையே, யார் செய்வது என்று தலைவர் நேற்று கேட்டு அனுப்பினார். இதில் கேட்க என்ன இருக்கிறது? விடிந்ததும் ஆறு வெள்ளை நூலோடு நான் வந்து நிற்பேன். நான் வருவேன் என்று மேடமே எழுதி வைத்திருக்கிறாரே.