தட்டு ஸ்டாண்டில் எட்டுப் பேர்

வாயில் ஒரு வெல்க்ரோ துண்டு, காதிடுக்கில் ஸ்கெட்ச் பேனா, பாதி உடம்பு மேசைக்கு அடியில். சுகன்யாவைப் பார்க்க மாடிக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அவளுடைய உள்ளங்கால்கள்தான். "உக்காருங்கக்கா, இந்த ஒயருல ஒரு முனை மட்டுந்தான் பாக்கி. வாரேன்" என்று மேசைக்கடியிலிருந்து குரல் வரும். அந்த ஒரு முனை முடிவதற்குள் நான் கொண்டுபோன காபி ஆறிவிடும்.

எங்கள் வீட்டு மாடிக்கு அவள் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பாடப்பிரிவையே மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டோடு இருக்கிறாள், அதாவது எட்டு குட்டிக் கம்ப்யூட்டர்களோடு இருக்கிறாள். எல்லாம் பழசாக வாங்கியவை, ஒவ்வொன்றும் டிபன் டப்பா அளவு. எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில் தட்டுகளைச் செருகுவதுபோல எட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறாள். "நடுவால காத்துப் போகோணுமில்லீங்க" என்பது அவள் சமாதானம். நிஜத் தட்டுகள் ஜன்னல் மேடையில் கிடக்கின்றன. லாரி பட்டறையில் பெயின்ட் அடிக்கும் கணவன் மணிமாறன், சாப்பிடத் தட்டுத் தேடும்போது மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பார்.

எட்டும் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி வேலையைப் பகிர்ந்துகொள்ளுமாம். ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துச் செய்யுமாம். அதனாலோ என்னவோ, எல்லாவற்றுக்கும் புகுந்த வீட்டு உறவுமுறையில் பேர் வைத்திருக்கிறாள்; கணவனின் அண்ணன் மச்சாண்டார், நாத்தனார் நங்கையா என்று. "மச்சாண்டாரு எந்திரிக்க நேரமாகுமுங்க. நங்கையா எப்பவுமே கொஞ்சம் சூடு. சின்ன மாமனாரு சொன்னதக் கேப்பாரு" என்று அவள் சொல்வதைக் கேட்டால் யாருக்கும் பகீரென்றிருக்கும். இருப்பதிலேயே புதியதும் வேகமானதுமான ஒன்றுக்கு மாமியார் என்று பேர். விவரமான பெண்.

ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கும். கரண்டு ஒயர் இடப்பக்கமாக இறங்க வேண்டும், நெட் ஒயர் வலப்பக்கமாக. இரண்டும் குறுக்கே வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நைலான் டேக் போட்டு இறுக்குபவர்களைக் கண்டாலே ஆகாது. "நாளைக்கு ஒண்ணை உருவோணும்னா டேக்கை அறுக்கோணுமுங்க. அறுக்கறப்ப ஒயரும் சேந்து போயிரும்." அதனால் தையல் சாமான் கடையில், ஒட்டிப் பிரிக்க வசதியான வெல்க்ரோ நாடாவை மீட்டர் கணக்கில் வாங்குகிறாள். கடைக்காரம்மா ராமாத்தாள், "இத்தனையும் வெச்சு என்ன சாமி தெக்கற?" என்று கேட்டதற்கு, "மாமனாரையெல்லாம் கட்டி வெக்கறனுங்க" என்றாளாம். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தவள், டிவிக்குப் பின்னால் இடியாப்பமாகக் கிடந்த ஒயர்களைப் பேசிக்கொண்டே பிரித்துக் கட்டிவிட்டுப் போனாள். இப்போது எந்த ஒயர் எதற்கு என்று எனக்கே தெரிகிறது. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு அவள் பார்த்து வைத்திருக்கும் உத்தியோகம், கோழிப்பண்ணைகளின் சூட்டைக் கவனிப்பது. சித்திரை வெயிலில் கொட்டகையின் (இங்கே செட்டு என்பார்கள்) மின்விசிறி நின்றால் கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்துவிடும். அங்கே வைத்த சூட்டுமானிகள் அனுப்பும் கணக்கைப் பார்த்து, சூடு ஏறத் தொடங்கும்போதே இவள் பண்ணைக்காரரின் செல்போனை அலற வைப்பாள். நல்ல யோசனைதான், ஆனால் வாங்க ஆள் வரவில்லை. பெங்களூரில் ஒரு வேலை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போவதென்றால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மதுமதியை மோகனூரில் நிஜ மாமியாரிடம் விட வேண்டும். "புள்ளைய உட்டுட்டு அங்க போயி யாருக்கு ஒயரு கட்டறதுங்கக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். மேசைக்கடியிலிருந்துதான் கேட்டாள், முகம் தெரியவில்லை.

சென்னிமலை என்கிற பண்ணைக்காரர் மட்டும் ஒரு கொட்டகையை வெள்ளோட்டத்துக்குக் கொடுத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்தால் ஆறு கொட்டகையும் இவளுக்கு. இல்லையென்றால் பெங்களூர். நான் துணைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

மனிதர் கம்ப்யூட்டர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய லாரி வாங்க வந்தவர்போல வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, ஸ்டாண்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒவ்வொரு ஒயராக லேசாக இழுத்துப் பார்த்தார். "ஒயரெல்லாம் லட்சணமாத்தான் இருக்குது" என்றார். அப்புறம் படிக்கட்டோரம் போய், கேட்காமல் கொள்ளாமல் மாடியின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

மின்விசிறி நின்றது. கரண்டு போனால் பேட்டரியில் ஓட்டும் யு.பி.எஸ். கீக்கீ என்று கத்தியது. ஸ்டாண்டில் ஏழு பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சின்ன மாமனார் அணைந்துபோயிருந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். சின்ன மாமனாரின் அடாப்டர் குண்டு. யு.பி.எஸ். போர்டில் இரண்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு கோணலாகத் துருத்தி நிற்கும். ஆள் வருகிறாரே என்று காலையில் அதை மட்டும் பிடுங்கி, பீரோவுக்குப் பின்னால் சுவர் பிளக்கில் செருகி மறைத்திருந்தாள். சுவருக்கு ஏது பேட்டரி?

"ஏம்மிணி, இது ஏன் நின்னு போச்சு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்கு எங்கே தெரியப்போகிறது? நானே கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

"என்ற தப்புங்கய்யா. நீங்க வாரீங்கன்னு, பாக்கறதுக்கு அழகா இருக்கட்டும்னு பிளக்கை மாத்திப் போட்டுட்டேன். அதோட வேலைய மத்தது எடுத்துக்கிச்சுங்க, உங்க செட்டுக் கணக்கு நிக்கலை. ஆனா நான் பண்ணுனது தப்புத்தானுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு அடாப்டரை உருவினாள். மேசைக்கடியில் புகுந்து பழைய இடத்திலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி, கோணலாகச் செருகினாள். சென்னிமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்கய்யான்னு சொல்றதுக்குப் பண்ணையில ஆளு நெறைய வெச்சிருக்கறேன்" என்றார். "கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு சொல்ற ஆளுதான் இல்லை. நாளைக்கு வந்து மத்த அஞ்சு செட்டையும் பாத்துரு சாமி."

அவரைக் கீழே வரை கொண்டுபோய் விட்டு, மெயினை ஏற்றிவிட்டு உள்ளே போனேன். சுகன்யா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சூட்கேசை இழுத்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் போவதற்கென்று என்னிடம் இரவல் வாங்கியது. மடித்து அடுக்கியிருந்த துணிகளை அப்படியே கட்டிலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியை என் கையில் கொடுத்தாள்.