ஏழு பேர் போதும் என்ற பிர்கிட்டா

செவ்வாய்க்கிழமை மதியம் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவுக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நாலாம் முறை எடுத்தேன். என் கணவரின் தங்கை வசந்தி.

"அண்ணி, பிர்கிட்டா அக்கா மோசம் போயிட்டா."

"விசர்க்கதை கதையாதை. முந்தநாள் போட்டியிலைதானே எங்களை அந்தப் பேச்சுப் பேசினவ" என்று ஏசினேன்.

"நித்திரையிலையே உயிர் போயிட்டுதாம். பக்கத்து வீட்டு மனிசிதான் எடுத்துச் சொன்னது." சூப் ஆறிப்போனது என்று அந்த அம்மாதான் என்னைக் கையில் தட்டினார்.

டோர்ட்மண்டில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் உதைபந்தாட்ட அணியை ஒன்பது வருடம் பயிற்றுவித்தவர் பிர்கிட்டா. அவரை அறிந்த நீங்கள், நான் அழுதுகொண்டு இந்த அஞ்சலியை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அழுதாயிற்று. இப்போது எனக்குக் கோபம். இங்கத்தைய பத்திரிகை ஒன்று அவருடைய சாவுக்கு நாலு வரி போட்டது. சுவீடனில் இருந்து வந்த முன்னாள் வலது ஓர ஆட்டக்காரியாம், பயிற்றுநராக அவருக்கு வெற்றி கிட்டவில்லையாம். அது போதாதென்று எங்கள் கழகத் தலைவர் அண்ணை செத்தவீட்டுக் கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "இனி ஆர் பிள்ளை உங்களைப் பழக்கிறது? அவவுக்கு மரியாதையா இந்த வருசத்தோடை பெண்கள் அணியை விலக்கிப்போட்டு விடுவம்." பிர்கிட்டாவை அடக்கம் செய்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.

மரியாதையாம்! அவர் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வடசுவீடனில் ஒரு சின்ன ஊரில் பெண்களுக்கு அணியே இல்லாத காலத்தில் ஆண்பிள்ளைகளோடு விளையாடிப் பழகியவர் அவர். இருபது வயது கடந்ததும் ஜேர்மனிக்கு வந்தார். விடியற்புறம் பேக்கரியில் மாப் பிசைந்துவிட்டுப் பின்னேரம் முதல்தரப் பிரிவில் விளையாடினார். வலது ஓரத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டி ஓடுவதுதான் அவருடைய வேலை. முழங்கால் தசைநார் இரண்டு முறை கிழிந்த பிறகுதான் நிறுத்தினார். பயிற்றுநர் வகுப்புக்குப் போனபோது அங்கே இருந்த ஒரே பெண் அவர்தான். படித்து முடித்து வந்தவரிடம் ஒரு கழகம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சட்டைகளைத் தோய்க்கவும் சொன்னது. "நான் உதவிக்கு வரவில்லை, நடத்த வந்தேன்" என்று சொல்லிவிட்டு அன்றே வெளியேறினார்.

பத்திரிகை சொல்லும் அந்தத் தோல்விக் கதையை ஒருமுறை எஸ்சன் நகரிலிருந்து ரயிலில் திரும்பி வரும்போது எனக்குச் சொன்னார். இன்னொரு கழகத்தின் பெண்கள் அணியை மேல் பிரிவுக்கு ஏற ஒரே ஒரு போட்டி மிச்சம் என்ற இடம் வரை கொண்டுவந்திருக்கிறார். அணியின் நல்ல ஆட்டக்காரிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஊசி போட்டு இறக்கு என்று நிர்வாகம் நின்றது. பிர்கிட்டா மாட்டேன் என்றார். அணி தோற்றது, திங்கட்கிழமை அவருடைய வேலை போனது. "அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். மாடிப்படி ஏறுகிறாள்" என்றார். "எனக்கு அது போதும்." இதைத்தான் அவர்கள் வெற்றி கிட்டவில்லை என்கிறார்கள்.

எங்களிடம் அவர் வந்ததற்குக் காரணம் அவருடைய சமையலறை ஜன்னல். அது புல்லுக்குப் பதிலாகச் சிவப்புச் சாம்பல் பரப்பிய எங்கள் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. ஆண்கள் பயிற்சி முடித்துப் போன பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் நாங்கள் எட்டுப் பேர் பந்தைத் துரத்திக்கொண்டு திரிவோம். ஒரு சனிக்கிழமை வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "மூன்று கிழமையாகப் பார்க்கிறேன். இனி என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது" என்று சொல்லி, பந்தைக் காலால் நிறுத்தினார்.

அவர் கண்ட முதல் குறை எங்கள் வேகமோ உதையோ அல்ல. இளையவள் ஒருத்தி மூத்தவளிடமிருந்து பந்தைப் பறிக்க மாட்டாள். அக்காவை இடிக்கிறதா, அண்ணியின் காலுக்குள் கால் விடுகிறதா! தப்பித்தவறி முட்டினால் பந்தை விட்டுவிட்டு "நொந்துபோச்சே அக்கா?" என்று குனிந்து பார்ப்பாள். அதற்குள் கோல் விழுந்துவிடும். இந்த அக்கா என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னோம். வாய்விட்டுச் சிரித்தார். "கோட்டுக்கு வெளியே அக்கா. உள்ளே பெயர் மட்டும்" என்றார். வசந்தி முதன்முதலாக "சுகந்தி, பந்தைத் தா!" என்று கத்தியபோது எனக்குக் காது சுட்டது. என் மாமியாரின் மகள், என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள்! ஆனால் பந்தைக் கொடுத்தேன். அவருக்கும் அதே சட்டம்தான். மைதானத்தில் பிர்கிட்டா, வெளியே வந்தால் பிர்கிட்டா அக்கா.

இனி போன வருடத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவேண்டும். ஒரு அணி மூன்று முறை போட்டிக்கு வராமல் விட்டால் பிரிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை விட்டிருந்தோம். ஒன்று கோயில் தேர், மற்றது பாரிஸில் ஒரு கலியாணம். மூன்றாவதுக்கு வசந்தியின் மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியவீடு வந்தது. மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்னரே பதிவு செய்தாயிற்று, போட்டி அட்டவணை பிறகுதான் வந்தது. எங்களில் ஒருத்திகூட இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் மாற்றியிருப்போமா? அணியில் பாதிப் பேர் சொந்தக்காரர், மீதிப் பேர் அழைக்கப்பட்டவர். நான் பெண்ணின் மாமி.

போட்டி மூன்று மணிக்கு. ஒரு மணிக்கு பிர்கிட்டா விளையாட்டு உடையோடு மண்டபத்துக்குள் வந்தார். தலைவர் அண்ணை மறித்தார். "இண்டைக்கு ஏலாது. இது எங்கடை கலாசாரம்." பிர்கிட்டா சண்டை பிடிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கையால் குழைத்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து எங்கள் மேசைக்கு முன் நின்றார்.

"தோற்பது விளையாட்டில் சேர்த்தி. வராமல் விடுவது சேர்த்தி இல்லை. ஏழு பேர் இருந்தால் போட்டியைத் தொடங்கலாம், ஏழு பேர் போதும். பத்து நிமிடத்தில் வாகனத்தை எடுக்கிறேன்" என்றார். கெஞ்சவில்லை. திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

என் கணவர் என் காதுக்குள் சொன்னார்: "நீர் எழும்பிப் போனால் சனம் என்ன கதைக்கும்?"

"நான் தண்ணி வாத்தாச்சு, ஆராத்தி எடுத்தாச்சு, படமும் பிடிச்சாச்சு. இனி சனம் கதைக்கிறதைக் கேக்கிறதுக்கோ நான் இஞ்சை இருக்கிறது?" என்று எழும்பினேன். வசந்தி பெண்ணின் தாய், அவளால் அசைய முடியாது. "போங்கோ அண்ணி. கேட்கிற ஆக்களுக்கு நான் பதில் சொல்லுறன்" என்றாள்.

என்னையும் சேர்த்து வாகனத்தில் ஏறியது ஆறு பேர். ஆறு! எனக்குச் சீ என்று போனது. பிர்கிட்டா வாகனத்தை எடுத்தார். மைதானத்தில் நடுவரிடம் ஏழு ஆட்டக்காரி அட்டைகளை நீட்டினார். ஏழாவது அவருடையது. பருவத் தொடக்கத்திலேயே தன்னையும் ஆட்டக்காரியாகப் பதிந்து வைத்திருக்கிறார், எங்களுக்கு மூச்சுக் காட்டவில்லை. ஐம்பத்தாறு வயதில், முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டு, வலது ஓரத்தில் போய் நின்றார். எங்களில் இருவருக்குத் தலையில் பூச்சரம், எனக்குக் கண் நிறைய மை. எதிரணி முதலில் சிரித்தது. பிறகு கோல் மேல் கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் ஒரே ஒரு முறை பிர்கிட்டா கோட்டோடு ஓடினார். அவரில் பாதி வயதுக்காரி ஒருத்தியைத் தாண்டிப் பந்தை எனக்குத் தூக்கித் தந்தார். நான் உதைத்தேன், கம்பத்தில் பட்டது. "இன்னும்!" என்று கத்தினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கத்தினார்.

பூச்சியத்துக்குப் பதினொன்று. முகமெல்லாம் சிவப்புச் சாம்பலோடு மண்டபத்துக்குத் திரும்பினோம். சனம் கதைத்தது. இன்னும் கதைக்கிறது, நல்லாய்க் கதைக்கட்டும். எங்கள் அணி பிரிவில் நின்றது. அவர் இரண்டு மாதம் ஊன்றுகோலோடு நடந்தார். அடுத்தவளின் முழங்காலை ஒரு வெற்றிக்காகப் பணயம் வைக்க மறுத்தவர், நாங்கள் இல்லாமல் போகக்கூடாது என்பதற்காகத் தன் முழங்காலை வைத்தார். அவருக்கு வெற்றி கிட்டவில்லை என்று எழுதியவர் என்னிடம் வந்து கேட்டிருக்கலாம்.

செத்தவீட்டில் தலைவர் அண்ணைக்கு நான் பதில் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு வெட்கம். ஆகவே இங்கே எல்லோரும் வாசிக்கச் சொல்கிறேன். அண்ணை, நீங்கள் நல்ல மனிசன், எங்களுக்காக மைதானத்துக்கு அலைந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் பிர்கிட்டா அக்காவுக்கு மரியாதை என்று சொல்லி அவர் கட்டிக் காத்ததைக் கலைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவருக்காக அடுத்த போட்டியைத் தள்ளிவைக்கலாமா என்று பிரிவுப் பொறுப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அவருடைய விசிலும் பதக்கங்களும் சுவீடனுக்கு அவருடைய தங்கையிடம் போகட்டும். நான் வைத்துக்கொள்வது ஒன்றைத்தான்: செய்யவேண்டியதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்டு நிற்காத குணம். பயிற்றுநர் வகுப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். எனக்கு நாற்பத்தேழு வயது, அந்த வகுப்பில் நான் மட்டும்தான் பெண்ணாக இருந்தாலும் இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கான படிவத்தில் பயிற்றுநர் என்ற இடத்தில் சுகந்தி என்று எழுதி அனுப்பியாயிற்று.

மூன்று மணிக்குப் போட்டி. தலைவர் அண்ணை, நீங்களும் வந்து பாருங்கோ.