முதல் ஐவரில் மைத்துனன் இல்லை

பயிற்சி தொடங்குமுன் மேனேஜர் அரங்கத்து மாடிப்படிக்குக் கீழே நின்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். உண்மையில் பார்ப்பது இறங்கி வரும் கால்களை. தாவி இறங்குகிறவர் யார், கைப்பிடியைத் தேடுகிறவர் யார் என்று கவனித்தாலே, அன்றைக்கு யாரை எவ்வளவு நேரம் ஆடவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். “பந்து போடுறப்ப நடிச்சிடலாம். படியில நடிக்க முடியாது” என்பார்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் நகரத்துக் கூடைப்பந்து அணி. யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது, வெளியூர் ஆட்டத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி என்பதெல்லாம் அவர் தலையில்தான். ஆள் குள்ளம். ஆட்டக்காரர்களை அண்ணாந்து பார்த்தே கழுத்துவலி வந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்வார். அதனால் முக்கியமான பேச்சென்றால் அவர்களை உட்காரச் சொல்லிவிடுவார். அவர் ‘உக்காரு’ என்றாலே கெட்ட செய்திதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அணியின் நட்சத்திரத்துக்கு ஏணி என்று பெயர் விழுந்து வெகுகாலமாயிற்று. வயது முப்பத்தெட்டு. பதினாறு வருடமாக அணியைத் தூக்கிச் சுமந்தவன். இப்போது இடது முட்டி அவன் பேச்சைக் கேட்பதில்லை. போதாக்குறைக்கு அவன் மேனேஜர் மனைவியின் உடன்பிறந்த தம்பி.

இரண்டு வருடங்களுக்கு முன் ஏணிக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் பயிற்சி என்றார் மேனேஜர். எல்லோரும் பாராட்டினார்கள். மறு வருடம் சறுக்கினார். பழைய கூட்டாளி ஒருவனைச் சேர்க்கச் சொல்லி ஏணி பிடிவாதம் பிடிக்க, இடம் பண்ணுவதற்காகச் சிட்டு என்கிற வேகக்காரனை அனுப்பிவிட்டார். அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் போய் நின்றது. சிட்டு போய்ச் சேர்ந்த அணி கோப்பையைத் தூக்கியது. நிர்வாகக் குழு காரணம் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. “தப்பு என்னோடது. அணிக்குன்னு யோசிக்காம அவனுக்குன்னு யோசிச்சிட்டேன்.”

சிட்டுவின் வீட்டுக்கு அவரே இரண்டு தடவை போனார். முதல் தடவை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை சிட்டு அணிக்குத் திரும்பி வரச் சம்மதித்தான்.

அடுத்ததுதான் கடினமான காரியம். கோச் மூலம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஏணியை அலுவலக அறைக்கு அழைத்து உட்காரவைத்தார்.

“முதல் அஞ்சு பேர்ல நீ இல்லப்பா. கடைசிப் பத்து நிமிஷம் உன்னுது.”

ஏணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “இத வீட்டுல வெச்சே சொல்லியிருக்கலாமே மாமா.”

“வீட்டுல நான் மேனேஜர் இல்லையே.”

அதென்னவோ உண்மைதான். அன்று முதல் பதினோரு நாள் வீட்டில் தட்டில் சாப்பாடு விழுந்தது, பேச்சு விழவில்லை. பன்னிரண்டாம் நாள் மனைவி வாய் திறந்தது, “என் தம்பிய உக்கார வெச்சிட்டு நீங்க நல்லா சாப்பிடுங்க” என்று சொல்லத்தான். “வீட்டுல நானும் பெஞ்சுதான்” என்று கோச்சிடம் சொல்லிச் சிரித்தார் மேனேஜர். கோச்சுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் இரண்டு ஆட்டங்களில் தன் முறை வரும்வரை ஏணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவதில் துண்டை எடுத்தான். எதிரணிக்காரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பெஞ்சிலிருந்தே சிட்டுவுக்குச் சைகை காட்ட ஆரம்பித்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். சொன்ன சொல் தவறாமல், கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஏணியை இறக்கச் சொன்னார் மேனேஜர். இரண்டு கூடை போட்டான்; அரங்கம் அதிர்ந்தது. நான்கு நிமிடம் பாக்கி, அணிக்கு ஒரே ஒரு புள்ளி முன்னிலை. எதிராளி அவனை அநாயாசமாகத் தாண்டிப் போகத் தொடங்கினான். கோச் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். அதற்குள் ஏணியே கையை உயர்த்தியபடி ஓரத்துக்கு வந்தான்.

“சிட்டு வரட்டும் மாமா.”

மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மேனேஜரின் மனைவி உட்பட அத்தனை பேரும் களத்துக்குள் ஓடினார்கள். ஏணி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றக் குனிந்து பார்த்தான், முட்டி மடங்கவில்லை. மேனேஜர் வந்தார். சனிக்கிழமை நட்பு ஆட்டத்துக்கு வண்டி ஆறு மணிக்கே கிளம்பிவிடும் என்று ஏதோ பேசிக்கொண்டே தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மைத்துனன் காலைத் தூக்கி மடியில் வைத்து, இறுகிக் கிடந்த முடிச்சை நகத்தால் நெம்பத் தொடங்கினார்.